மேலங்கிப் பையில் இருந்த குரல்

அத்தியாயம் பதினொன்று

சைரகுல் போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரை நோய் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டது, பிறகு காலை, முந்தாநாள் மிச்சம் இருந்ததையும். உயிர் பிரிந்தபோது அவள் தலை, மருமகள் பெர்மெட்டின் மடியில் இருந்தது. அழ வேண்டிய அந்த நேரத்தில் பெர்மெட்டுக்கு முதலில் வந்த நினைப்பு, தலையணைக்கு அடியில் இருக்கும் கைபேசியை எடுத்து ஒளித்துவிட வேண்டும் என்பதுதான். அதற்குள் ஊர்ப் பெண்கள் ஓலமிட்டபடி உள்ளே வந்துவிட்டார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் தலையணை இருக்கிறது, கைபேசியைக் காணோம்.

இன்று அடக்கம். இன்னும் காணோம்.

ஒரு ஓட்டைக் கைபேசிக்காகவா இந்தப் பாடு என்று கேட்காதீர்கள். அதில் சிம் கார்டுகூடக் கிடையாது. இருந்தது பைபிள். நம் கிர்கிஸ் மொழியிலேயே, ஒரு ஆண் குரல் வாசிக்க, முழுசாக இருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் கண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரி ஏற்றிக் கொடுத்தது. பார்வை கொஞ்சம் மிச்சம் இருந்தவரை சைரகுல் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரைக்கு மூன்று சொல் என்று படித்தாள். அந்தப் பார்வையும் போன பிறகு காதால் கேட்டாள். குரலை ஓட வைக்கும் இடத்தில் பெர்மெட் கைபேசிக் கண்ணாடிமேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தாள். கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவாள் கிழவி.

"இந்த ஆளு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போறவன் மாதிரி வாசிக்கிறான்டி" என்று குறைப்பட்டாள். பெர்மெட் வேகத்தைக் குறைத்து வைத்தாள். பிடித்த வரி வந்தால், "அதுக்கு மஞ்சள் பூசு" என்பாள்.

"உங்களுக்குத்தான் தெரியாதே அத்தை?"

"மஞ்சளா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும், நீ பூசு."

பெர்மெட்டுக்கு அதில் நம்பிக்கை ஏதும் இல்லை. தொழுகையும் அவளுக்கு அரைகுறைதான். மாமியாருக்குக் கண் இல்லை, தனக்குக் கை இருக்கிறது, அவ்வளவே அவள் கணக்கு.

ஆனால் அந்தக் கை ஒரு வேலை செய்து வைத்திருந்தது. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில், விட்ட இடத்திலிருந்து, குரல் தானாகவே வாசிக்கத் தொடங்கும்படி அமைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் வீட்டு ஆண்கள் எல்லாம் மசூதிக்குப் போவார்கள், வீடு காலியாக இருக்கும். நல்ல யோசனைதான். அடக்கத்தன்று அஸர் நேரத்தில் ஊரே வீட்டு வாசலில் நிற்கும் என்பதை யார் யோசித்தார்கள்?

*

வாசலில் குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது. கொப்பரைக்கு அடியில் சாண வறட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த கணவன் உலானிடம் பெர்மெட் குனிந்து சொன்னாள்.

"எங்கயும் இல்ல. மெத்தையைப் பிரிச்சுப் பார்த்துட்டேன். மாவு மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டேன்."

"கத்தாதே."

"நான் எங்க கத்துறேன்?"

"சார்ஜ் நிக்காது அதுல. ஒரு நாள் தாங்கினா பெரிசு. நேத்து அஸருக்கே அது வாய் திறக்கல. இன்னிக்கு மூணாவது நாளு, செத்துத்தான் கிடக்கும்." சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்காக அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கிடைச்சா இந்த நெருப்புல போட்டுரு. போன வருஷம் மேல்கரை ஊர்ல நடந்தது மறந்துபோச்சா?"

யாருக்கும் மறக்கவில்லை. அங்கே ஒரு வெல்டிங் பட்டறைக்காரன் இறந்து, அவன் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவன் என்று தெரிந்தபோது, ஊர் இடுகாடான மையவாடியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் தம்பிகள் பிணத்தை லாரியில் வைத்து இரண்டு ஊர் சுற்றினார்கள். கடைசியில் கல் குவாரிக்கு அந்தப் பக்கம், நாய்கள் திரியும் மேட்டில் புதைத்தார்கள்.

சைரகுல் கேட்டதெல்லாம் ஒரே ஒரு இடம். மேட்டு மையவாடியில், ஆறு வயதில் காய்ச்சலில் போன மகள் அய்சாதாவுக்குப் பக்கத்தில். "அது இருட்டுன்னா பயப்படும்டி. முப்பது வருஷமா தனியாக் கிடக்கு" என்பாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "யாராவது கேட்டா மறைக்காதே. நான் எதைக் கேட்டுட்டு இருந்தேன்னு சொல்லிரு. எனக்கு அதுல வெக்கம் இல்ல."

இரண்டும் எப்படி நடக்கும் என்று பெர்மெட் கேட்டதில்லை. கிழவியும் சொல்லாமலே போய்விட்டாள்.

*

சாவுக்காக வாசலில் அடித்திருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் சைரகுல் கிடந்தாள். திரைக்கு முன்னே மருமகள்களும் உறவுப் பெண்களும் வாசலுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் தடியில் ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்ததும் குரல் எடுத்து அழுதார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டில் அழாதவனைவிட, நேரம் தெரியாமல் அழுகிறவனைத்தான் அதிகம் ஏசுவார்கள்.

கூடாரச் சுவரில் சைரகுலின் நல்ல உடுப்புகள் தொங்கின. மேலே எல்லாரும் பார்க்கும்படி அந்தக் கருஞ்சிவப்பு வெல்வெட் மேலங்கி. அடக்கம் முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது.

"மாமாவே கொண்டுவந்து மாட்டினாரு" என்றாள் பக்கத்தில் இருந்த அனார். உலானுடைய அண்ணன் மனைவி, வீட்டுக்கு மூத்த மருமகள், வாய்க்கும் அவள்தான் மூத்தவள். ஒப்பாரிக்கு இடையில் மூச்சு வாங்கும்போதுகூடப் பேசிவிடுவாள். "இன்னிக்கு விடியக்காலம் எங்களையெல்லாம் வெளிய போங்கன்னு சொல்லிட்டு உள்ள உக்காந்திருந்தாரு. உயிரோட இருக்கையில 'டீ கொண்டா'ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப என்னத்தைப் பேசினாரோ."

மாமனார் பெயர் தோக்தோசுன். நான் சொல்லலாம், பெர்மெட் சொல்லக் கூடாது. கணவன் வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. மசூதியில் முன்வரிசைக்காரர், ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"நீ என்னடி காலையில இருந்து கோழி மாதிரி கிளறிக்கிட்டே இருக்க? எதைத் தொலைச்ச?"

"ஒண்ணுமில்லக்கா. என் கம்மலு."

"சாவு வீட்டுல கம்மலைத் தேடுறா பாரு" என்று அனார் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டம் உள்ளே வருவதைப் பார்த்து, அதே மூச்சில் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

மதியம் போயிற்று. மேட்டில் குழி வெட்டி முடிந்தது என்று ஆள் வந்து சொன்னான். அய்சாதாவின் கல்லை ஒட்டியே வெட்டியிருக்கிறார்களாம். பெர்மெட்டுக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. சார்ஜ் செத்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரம். தூக்கிக்கொண்டு போய்விட்டால் போதும்.

வெளியே ஜனாஸா என்னும் அடக்கத் தொழுகைக்கு ஆண்கள் வரிசை கட்டத் தொடங்கினார்கள். ஊர் மசூதியின் சபர் முல்லா அஸருக்குப் பாங்கு சொல்லி முடித்தார்.

சுவரில் தொங்கிய வெல்வெட் மேலங்கி பேசியது.

*

"இப்ராஹிமின் மகன் இஸ்ஹாக். இஸ்ஹாக்கின் மகன் யாகூப். யாகூபின் பிள்ளைகள் யஹூதாவும் அவன் சகோதரர்களும்..."

ஒப்பாரி ஒரு கணத்தில் நின்றது. நிதானமான, கனத்த ஆண் குரல். பெர்மெட்தான் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தாளே!

முதலில் யாருக்கும் பயம் வரவில்லை. எங்கள் ஆட்கள் ஏழு தலைமுறை முன்னோரின் பெயரைச் சொல்லத் தெரியாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். இது நபிமார்களின் வம்சம் போல் இருந்தது. பின்வரிசையில் ஒருத்தி கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"யா அல்லா. சாகுறப்போகூட நபிமார் பேரைக் கேட்டுட்டே இருந்திருக்கா பாரேன்."

"கண்ணு போனாலும் ஈமான் போகல அவளுக்கு."

பெர்மெட்டுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். மாமியாருக்கு அது ரொம்பப் பிடிக்கும். "இவங்களும் நம்மள மாதிரிதான்டி, வம்சம் சொல்லாம ஒரு பேச்சும் தொடங்க மாட்டாங்க" என்று சிரிப்பாள். தாவூத் வருவார், சுலைமான் வருவார், பிறகு யாருக்கும் தெரியாத பெயர்கள் வரும், அப்புறம் யூசுப் வருவார். அதற்குப் பிறகு எந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். அனார் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எங்கடி போற?"

"அதை நிறுத்திட்டு வந்துடறேன்க்கா."

"அறிவு இருக்கா உனக்கு? அவங்க ஆத்மாவுக்கு ஓதுது. செத்தவங்க உடுப்பைத் தொடுவியா? உக்காரு."

"அக்கா, கையை விடுங்க."

"ஊரே பார்க்குது, உக்காருடி!"

தாவூத் வந்தார். சுலைமான் வந்தார். வெளியே ஆண்கள்கூட வரிசையைக் குலைத்துக்கொண்டு கூடார வாசலுக்கு நெருங்கி வந்து தலைகுனிந்து கேட்டார்கள். சபர் முல்லா செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் மெச்சும் களை. அவருக்குப் பின்னால் தோக்தோசுன், தடியைப் பார்த்தபடி.

தெரியாத பெயர்கள் தொடங்கின.

"இவங்கெல்லாம் யாரு?"

"அரபு நாட்டு ஆளுங்களா இருக்கும், பேசாம கேளு."

பெர்மெட் பலம் கொண்ட மட்டும் கையை உதறினாள். அனார் விடவில்லை. பக்தி என்பது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை அன்று அவள் தெரிந்துகொண்டாள்.

யூசுப். மர்யம். மர்யமின் வயிற்றில் பிறந்த ஈசா.

ஈசா நபிதானே, அதனால் என்ன என்று பெண்கள் தலையாட்டினார்கள். குரல் நிற்கவில்லை. ஈசா பிறந்த கதையை, நாங்கள் கேட்டுப் பழகாத விதத்தில், அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனது. அனார் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முல்லாவின் முகத்தில் இருந்த களை மட்டும் மெல்ல இறங்கியது.

"நிறுத்துங்க அதை" என்றார்.

யாரும் அசையவில்லை. அவரே உள்ளே வந்து மேலங்கியின் பையில் கைவிட்டு எடுத்தார். நிறுத்தத் தெரியவில்லை. கண்ணாடியை எங்கெங்கோ தட்டினார். பெர்மெட் எழுந்து போய், பிளாஸ்திரித் துண்டின்மேல் விரல் வைத்தாள். குரல் நின்றது. அப்படி வைத்திருக்கக் கூடாது. வைத்த பிறகுதான் தெரிந்தது.

"இது குர்ஆன் இல்ல" என்றார் முல்லா. "இஞ்சீல்காரங்க புஸ்தகம். பைபிள்."

கூடாரத்தில் யாரோ 'அய்யோ' என்றார்கள்.

"இது யாரோடது? சொல்லுங்க. இறந்தவங்களோடதுன்னா நான் இந்த ஜனாஸாவை நடத்த முடியாது. என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்று தோக்தோசுனைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

தோக்தோசுன் தடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உலான் வாசலில் நின்றான். பெர்மெட்டைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்ததை ஊரில் வேறு யாரும் படித்திருக்க முடியாது. ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது எழுத்துக்கூட்டத் தேவையில்லாதது. *உன்னோடதுன்னு சொல்லிரு.*

திரைக்குப் பின்னால் கிடந்தவள், மறைக்காதே என்றவள். திரைக்குப் பின்னால் கிடந்தவள், என் பிள்ளை தனியாக் கிடக்கு என்றவள்.

"என்னோடது" என்றாள் பெர்மெட்.

"அவங்க பையில எப்படி வந்துச்சு?"

"நான்தான் ஒளிச்சு வச்சேன். அடக்கம் ஆகுறவரைக்கும் செத்தவங்க உடுப்பை யாரும் தொட மாட்டாங்கல்ல, அதான்."

அனாரின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. "கண்ணு தெரியாத மனுஷியோட சாவைக்கூட விட்டு வைக்கலையாடி நீ!"

முல்லா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, உங்க சம்சாரம்?"

"அவ தொழுகிறவ" என்றார் தோக்தோசுன். அவ்வளவுதான் சொன்னார்.

*

உடலைத் தொழுகைக்காக வாசலுக்குத் தூக்கினார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடி பெர்மெட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க எப்படிப்பட்ட மனுஷி?" என்று முல்லா வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார்.

"நல்ல மனுஷி!" என்று ஊர் சொன்னது.

"நல்ல முஸ்லிமா?"

"நல்ல முஸ்லிம்!"

செத்த மாமியாரைத் தான் இன்னொரு தடவை கொன்றுவிட்டதாக பெர்மெட்டுக்குப் பட்டது. அழுகை வந்தது. ஆனால் அவள் இருந்த பக்கத்தை விட்டு எல்லாப் பெண்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரியில் அவளுக்கு இனி இடம் இல்லை. தனியாக அழுவது எங்கள் ஊரில் அழுகைக் கணக்கில் சேராது.

ஊர்வலம் கிளம்புமுன் தோக்தோசுன் எல்லார் காதிலும் விழும்படி மகனிடம் சொன்னார். "ராத்திரிக்குள்ள அவ பொறந்த வீட்டுக்குப் போகட்டும். புள்ள இங்க இருக்கும்."

உலான் வாயைத் திறப்பான் என்று பெர்மெட் காத்திருந்தாள். அவன் குனிந்து பாடையின் முன்கால் பக்கம் தோள் கொடுத்தான். நல்லவன்தான் உலான். வேறு எதுவாகவும் இருக்கத் தெரியாததுதான் அவன் குறை.

மகள் நுரிஸா பக்கத்து வீட்டில் பொரித்த ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். போய்ப் பார்க்க விடவில்லை. "தூங்கட்டும் அது" என்று கதவை அடைத்தார்கள். வெளிச்சம்கூடப் போகவில்லை, குழந்தைக்கு என்ன தூக்கம்?

*

துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு பெர்மெட் கொப்பரை அருகே வந்தாள். "நீயே எரிச்சுரும்மா" என்று முல்லா கைபேசியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நெருப்பு நன்றாகவே இருந்தது.

போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்தாள். மஞ்சள் பூசிய வரிகளைப் பார்க்கலாம் என்றுதான்.

முதலில் கண்ணில் பட்டது சார்ஜ். மூன்று நாளாகத் தொலைந்துபோன ஓட்டைக் கைபேசியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மாமியார் கடைசியாகக் கேட்டது வம்சப் பட்டியல் இல்லை. பைபிளில் இருக்கும் ஜபூர் பாடல்கள். பெர்மெட்தான் பக்கத்தில் இருந்து நிறுத்தினாள், அந்த வரிக்கு மஞ்சளும் பூசினாள். விட்ட இடத்திலிருந்துதான் குரல் தொடங்கும். அப்படியானால் இன்று ஜபூரிலிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

எதை எப்போது கேட்டார்கள் என்று அந்தச் செயலி குறித்து வைக்கும். தேடினாள். ஜபூருக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. இன்று விடியற்காலை. இஞ்சீல் பகுதி, முதல் புத்தகம், முதல் பக்கம். ஒரே ஒரு வரி ஓடியிருக்கிறது. அதற்குள் யாரோ வந்திருக்க வேண்டும், அவசரமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

யாரோ தலையணைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சார்ஜ் போட்டிருக்கிறார்கள். கண் தெரியாத ஒருத்தி எதை இத்தனை ஆசையாகக் கேட்டாள் என்று தாமும் கேட்டுப் பார்க்க, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். பிறகு அவளோடேயே இருக்கட்டும் என்று அவளுடைய வெல்வெட் மேலங்கியின் பையில் வைத்து, சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

எங்களையெல்லாம் வெளிய போங்கன்னு சொல்லிட்டு உள்ள உக்காந்திருந்தாரு.

பெர்மெட் பையைக் கீழே வைத்தாள். கொப்பரைக் கல்லைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். தெரிந்தே தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்தே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்.

மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் ஓடி வந்த உலான் அவள் கையில் கைபேசியைப் பார்த்துத் தயங்கினான். கையெல்லாம் கபர்க் குழி மண்.

"அய்சாதா பக்கத்துலயே வச்சிட்டோம்" என்றான். கண் கலங்கியது. "நீ செஞ்சதை நான் மறக்க மாட்டேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பெர்மெட். நீ காலையில இருந்து தேடிக்கிட்டுத்தானே இருந்த? நீ வைக்கலைன்னு எனக்குத் தெரியும். அம்மா பையில அதை வச்சது யாரு?"

ஒரு வார்த்தை போதும். சொன்னால் மகள் திரும்பக் கிடைக்கலாம். சொன்னால் குழியைத் தோண்ட ஊர் மறுபடியும் மேட்டுக்கு ஏறும். மூடிய மண் இன்னும் ஈரம்.

ஆட்களுக்கு முன்னால் தோக்தோசுன் வந்துகொண்டிருந்தார். தடி கையில் இருந்தது, ஊன்றவில்லை. அவள் நின்ற பக்கம் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் போனார்.

பெர்மெட் கைபேசியை நெருப்பில் போடவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"சொல்லும்மா. யாரு?" என்றான் உலான்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, முகத்திரையை விலக்கி நெற்றியில் முத்தமிட்ட சைரகுல் அவள் காதில் சொன்ன முதல் புத்திமதி, மாமனார் பெயரை வாயால் சொல்லாதே என்பதுதான்.

பெர்மெட் இன்றும் சொல்லவில்லை.